அன்னா அன்ரியின் ஜாடியில் நின்ற கொப்பு

வீட்டுப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது கை கழுவுவது. அடுத்தது, நாங்கள் பராமரிக்கும் ஆட்களின் குடும்ப முடிவுகளில் தலையிடக் கூடாது என்பது. முதலாவதை நான் பிசகாமல் செய்கிறேன். இரண்டாவதில் பிசகிய கதை இது. எங்கள் அலுவலகத்தில் பயிற்சிக்கு வந்திருக்கும் இரண்டு பிள்ளைகள் "அக்கா, உங்கட அனுபவம் ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டதால் எழுதுகிறேன். எழுதலாமா என்று, நான் பராமரிக்கும் அன்னா அன்ரியிடம் கேட்டேன். "எழுது, ஆனா என்னை நல்ல வடிவா எழுது" என்றார்.

1. திரும்பிப் போன முதல் நாள்

மகப்பேற்று விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய நாள். மகள் ஆதிரைக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. சைல்ட்கெயாரில் அவளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து காருக்குள் இருந்து அழுதேன். சரியான இடத்தில்தான் விட்டேனா, அவளுக்குத் தடிமன் காய்ச்சல் வந்தால் கவனிப்பார்களா, காலுறை ஈரமானால் மாற்றுவார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாக யோசனை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மெல்பேணின் புறநகரான மல்கிரேவில் இருக்கும் ஒரு செங்கல் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் எண்பது வயதைத் தாண்டிய, உயரமான, வெள்ளை முடியைப் பின்னிக் கட்டிய பெண். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ அழுதிருக்கிறாய். பரவாயில்லை, உள்ள வா. ஆனா சப்பாத்தைக் கழட்டு."

அவர் பேசியது ஸ்லோவாக் கலந்த ஆங்கிலம். அது என் மனதில் எங்கள் தமிழாகவே பதிந்திருப்பதால் அப்படியே எழுதுகிறேன். வேலை விதிப்படி நாங்கள் சப்பாத்தைக் கழற்றக் கூடாது. ஆனால் வீட்டுக்குள் சப்பாத்தோடு நடக்க எனக்கும் மனம் வருவதில்லை. "எங்கட வீட்டிலயும் கழட்டிப்போட்டுத்தான் போறது" என்றேன். "அப்ப நீ நல்ல இடத்தில இருந்துதான் வந்திருக்கிறாய்" என்றார். அன்றைக்கே ஒரு விதி போயிற்று.

பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அலுவலகம் தந்த கெயார் பிளானில் போட்டிருந்தது. அந்த வயதுக்காரரை வெறுமனே அன்னா என்று கூப்பிட நாக்கு வரவில்லை. அன்ரி என்றேன். அடுத்த கிழமை அவர் தொலைபேசியில் யாருக்கோ "என்ர மருமகள் வந்திருக்கிறா, பிறகு கதைக்கிறன்" என்று சொல்வது கேட்டது.

பின்னேரம் ஆதிரையை எடுக்கப் போனேன். அவள் காலில் மஞ்சள் நிறத்தில் யாருடையதோ காலுறை. வேறு பிள்ளையின் சாமானை மாற்றிப் போட்டுவிடுகிற இடத்திலா என் பிள்ளையை விட்டேன்? அன்றிரவே அவர்களுக்கு மிக மரியாதையாக ஒரு செய்தி எழுதி, அனுப்பி, பிறகு ஏன் அனுப்பினேன் என்று கவலைப்பட்டேன். என் குணம் இப்படித்தான்.

2. கரிய மலையும் மரப்பலகையும்

அன்னா அன்ரியின் கணவர் யோசெஃபுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவமனையில் இருந்து மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். வீட்டில் அன்ரி தனியே. குளிக்க உதவுவது, துணி தோய்ப்பது, கடைக்குக் கூட்டிப் போவது என் வேலை.

குசினிச் சுவரில் அவர்களுடைய ஊரின் படம் ஒன்று தொங்கியது. ஸ்லோவாகியாவின் நடுப்பகுதியில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டது போல ஒரு சிறிய சுரங்கக் கிராமம். கீழே கல், மேலே மரம் என்று கட்டிய வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் புல் முளைக்காத ஒரு கரிய மலை. அது மலையில்லை, தலைமுறை தலைமுறையாகச் செம்பு எடுத்துவிட்டுக் கொட்டிய கல் என்றார் அன்ரி.

"நாங்கள் பிள்ளையளா அதிலதான் சறுக்கி விளையாடினனாங்கள். அம்மாமார் ஏசுவினம், சப்பாத்து தேயுது எண்டு."

ஊரின் நடுவில் ஒரு சிறிய கோபுரம். அதில் மணி இல்லை. ஒரு மரப்பலகை தொங்கும். விடியற்காலையில் ஒருவர் மரச்சுத்தியலால் அதில் தட்டுவார். அந்தச் சத்தத்துக்கு ஆண்கள் எழும்பிச் சுரங்கத்துக்குப் போவார்கள். யாராவது செத்துப்போனாலும் அதே பலகையில்தான் தட்டுவார்கள், ஆனால் வேறு தாளத்தில். ஆகவே பெண்கள் சத்தம் கேட்டவுடன் எழும்புவதில்லையாம். முதல் இரண்டு தட்டு வரும்வரை போர்வைக்குள் மூச்சுப் பிடித்துக்கொண்டு கிடப்பார்களாம்.

அவர்கள் அந்த ஊரைவிட்டு வெளிக்கிட்டது இளவயதில், நாட்டுக்குள் ராணுவ டாங்கிகள் வந்த பிறகு. மெல்பேணுக்கு வந்தும் யோசெஃப் நிலத்துக்குக் கீழேதான் வேலை செய்தார். நகரத்துக்கு அடியில் ரயில் பாதை தோண்டிய ஆட்களில் அவரும் ஒருவர்.

"நீ சிற்றிக்கு ரயில்ல போறனியெல்லே? அந்த இருட்டுக்குள்ள போகேக்க என்ர மனுசனுக்கு ஒருக்கா தாங்ஸ் சொல்லு."

இப்போதும் அந்தச் சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன். ஆதிரை பக்கத்தில் இருந்தால் வாய்விட்டே சொல்வேன்.

3. கொப்பு

அவர்களுடைய ஊரில் சுரங்கத் தொழிலாளருக்குக் காவல் புனித பார்பரா. டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் புனிதையின் நாள் வரும். அன்றைக்கு வீட்டுப் பெண்கள் இலையில்லாத செரிக் கொப்பு ஒன்றை முறித்துத் தண்ணீரில் வைப்பார்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முன் அது பூத்தால், நிலத்துக்குக் கீழே போகிற மனிதர் அந்த வருடம் சுகமாகத் திரும்பி வருவார்.

"இங்க வந்த முதல் டிசம்பரும் நான் போய் முறிச்சனான். இங்க அப்ப வெயில் காலம், இலையும் பழமுமா நிண்ட கொப்பு! அதைத் தண்ணியில வச்சுப்போட்டுப் பூக்குமோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். பக்கத்து வீட்டு அவுஸ்திரேலியன் மனிசி வந்து, ஒண்டும் விளங்காமல் பழத்தை எல்லாம் சாப்பிட்டுட்டுப் போட்டா."

அதன் பிறகு வழக்கத்தை இந்த நாட்டுக் குளிர்காலத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். முதல் உறைபனி விழுந்த பிறகு ஒரு நாள். அந்த வருடமும் மெல்பேணுக்கு வெளியே மலையடிவாரத்தில் இருக்கும் அவர்களுடைய ஊர்க்காரர் ஒருவர் கொப்பைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, குளிருக்குப் பயந்து குயின்ஸ்லாந்தில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். கொப்பு பின் விறாந்தையில், ஒரு பெரிய ஊறுகாய் ஜாடிக்குள் நின்றது.

அந்தக் கிழமை மகன் பீற்றர் ஜீலோங்கில் இருந்து வந்தார். ஐம்பது வயது, களைத்த முகம். தாயின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

"மம், டாட்டை நிரந்தரமா ஒரு நல்ல முதியோர் ஹோம்ல விடுவம். நீங்கள் ரெண்டு பேரும் ஒருமிக்க விழுந்து கிடந்தா ஆர் தூக்கிறது? நான் வந்து சேர ஒண்டரை மணித்தியாலம்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் யோசெஃபுக்கு நோயோடு ஆங்கிலம் முழுவதும் போய்விட்டது. ஸ்லோவாக் மட்டுமே மிஞ்சியிருந்தது. எந்த ஹோமிலும் அவரோடு பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

பீற்றர் போன பிறகு அன்ரி வெகுநேரம் கதிரையில் இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஜாடியைக் காட்டினார்.

"டொக்டர் ஒண்டு சொல்லுறார், மகன் ஒண்டு சொல்லுறான். எனக்கு யோசிச்சு யோசிச்சுத் தலை நோகுது, பிள்ளை. கொப்பு பூத்தா யோசெஃப் வீட்டை வாறார். பூக்காட்டி, பீற்றர் சொன்ன இடத்துக்கு. முடிஞ்சுது கதை."

படித்தவள் இதை நம்பக் கூடாது என்று நினைத்தேன். அதே நேரம், அன்று காலை ஆதிரையின் கன்னத்தில் கறுத்த பொட்டு வைக்க மறந்தது ஞாபகம் வந்து கவலைப்பட்டேன்.

4. நுளம்பு

எங்கள் நிறுவனத்தில் தோட்ட வேலையும் சின்னத் திருத்த வேலைகளும் செய்பவர் ரவி அண்ணை. முல்லைத்தீவுக்காரர். படகில் வந்து, தற்காலிக விசாவில் பல வருடங்களாக இருக்கிறார். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அன்றைக்கு அன்ரி வீட்டுப் பின்வளவைத் துப்புரவாக்க வந்திருந்தார். அன்ரி சாப்பிட்டுவிட்டுச் சற்றுத் தூங்கினார். நான் துணி காயப்போட விறாந்தைக்கு வந்தேன். ஜாடி கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"அண்ணை, இதுக்குள்ள ஒரு கொப்பு நிண்டதே?"

"ஓம், ஒரு பட்ட குச்சி. மெஷினுக்குள்ள குடுத்திட்டன். தண்ணியையும் ஊத்திக் கவிட்டுட்டன்."

கொப்புகளைத் தூளாக்கும் மெஷின் முற்றத்தில் இன்னும் இரைந்துகொண்டிருந்தது.

"ஏன் அண்ணை?"

"தண்ணி தேங்கி நிண்டதெல்லே தங்கச்சி. நுளம்பு!"

"இந்தக் குளிருக்குள்ள எங்கையண்ணை நுளம்பு?"

ரவி அண்ணை தன் கைகளைப் பார்த்தார். "கை கேக்கேல்ல, தங்கச்சி. அங்க ஒரு சிரட்டைக்குள்ள தண்ணி நிண்டாலும் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போடுவார். டெங்கில என்ர தங்கச்சீன்ர பெடியன் சாகப் பிழைக்கக் கிடந்தவன். தண்ணி நிக்கக் கண்டா நான் யோசிக்கிறேல்ல, கவிட்டுப்போடுவன்."

எனக்கு அது விளங்கியது. வீட்டில் பூச்சாடித் தட்டில் தண்ணீர் நின்றால் நானும் கவிழ்த்துவிடுவேன். அன்று நான் அவருக்கு முந்தி விறாந்தைக்கு வந்திருந்தால், கொப்பைப் பற்றித் தெரியாமல் இருந்திருந்தால், நானே செய்திருப்பேன். ஆனால் அந்தக் கொப்பில் என்ன முடிவு தொங்கிக்கொண்டிருந்தது என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது.

"கொம்பிளெயின் போகுமோ தங்கச்சி? என்ர விசா அலுவல் இப்பதான் ஒரு மாதிரி ஓடுது."

"அதில்லை அண்ணை. அவவுக்கு என்ன சொல்லுறது?"

அவர் வேலிக்கு மேலால் வீதியைப் பார்த்தார். புல் ஓரத்தில் இலையில்லாத மரங்கள் வரிசையாக நின்றன. "அதில ஒண்டு முறிச்சு வைப்பம். குச்சிக்குக் குச்சி."

"ஐயோ வேண்டாம் அண்ணை. அது பொய்."

"பொய்தான். அப்ப உண்மையைச் சொல்லுவம். நீங்கள் சொல்லுங்கோ."

உள்ளே அன்ரி பிடித்து நடக்கும் வோக்கர் தரையில் உரசும் சத்தம் கேட்டது. அவர் எழும்பிவிட்டார். நான் கதவைப் பார்த்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ரவி அண்ணை வீதிக்கு ஓடிப் போய், ஒரு கொப்போடு ஓடி வந்து, ஜாடியை நிமிர்த்தி, குழாயைத் திறந்தார். நான் தடுக்கவில்லை. தடுக்காததும் செய்ததும் ஒன்றுதான் என்பது வீட்டுக்குப் போன பிறகு தெரிந்தது.

5. காத்திருந்த கிழமைகள்

பூக்காவிட்டால், எங்களால் ஒரு மனிதர் தன் மொழி தெரிந்த ஒரே ஆளைப் பிரிந்து வேறு இடத்துக்குப் போகப்போகிறார். பூத்தால், ஒரு பொய்யை நம்பி அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, அன்ரி தூக்க முடியாமல் விழப்போகிறார். இரண்டில் எதற்கு நேர்வது?

என் கணவரிடம் சொன்னேன். அவர் ஆதிரைக்குச் சோறு தீத்திக்கொண்டே கேட்டார். "அப்ப உமக்குப் பூத்தாலும் பிரச்சினை, பூக்காட்டியும் பிரச்சினை. அப்பிடித்தானே?"

"ஓம்."

"இது உமக்குப் பழகின இடம்தானே, பிறகென்ன?"

அவருக்குச் சிரிப்பு. எனக்கு நித்திரை இல்லை. ஒவ்வொரு முறையும் அந்த வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே விறாந்தைக்குத்தான் போவேன். அன்ரி கதிரையில் இருந்து என்னைப் பார்ப்பார். ஒரு நாள் குளியலறையில் புதிய கைப்பிடிகள் பூட்டியிருந்தன. அன்ரிக்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு நாள் வரவேற்பறையில் சோபாவைச் சுவரோடு தள்ளிவிட்டு இடம் எடுத்திருந்தது. கூட்டித் துடைக்கச் சுகம் என்றார். நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. என் கண் எல்லாம் ஜாடியில்.

கொப்பில் சின்னச் சின்ன முடிச்சுகள் தடித்தன. பிறகு அவற்றின் நுனி சிவந்தது. அந்தச் சிவப்பைக் கண்டதும் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். அவர்கள் ஊர்ச் செரி பூப்பது வெள்ளையில். வீதியோரத்தில் நிற்பது அழகுக்கு நட்ட பிளம். அது பூப்பது றோஸ் நிறத்தில்.

6. றோஸ் நிறம்

பூத்த அன்று ஜாடி குசினி மேசைக்கு வந்திருந்தது. கொப்பு முழுவதும் றோஸ். அன்ரி அதற்கு முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"கிட்ட வா. இது என்ன நிறம்?"

"றோஸ், அன்ரி."

"செரி என்ன நிறத்தில பூக்கும்?"

"வெள்ளை." பையைக் கீழே வைத்தேன். "அன்ரி, அண்டைக்கு என்ன நடந்ததெண்டா..."

"கதையாதை. இரு." கதிரையை இழுத்துவிட்டார். "செரிக் கொப்பின்ர தோல் பட்டு மாதிரி மினுங்கும். குறுக்கால கோடு கோடா இருக்கும். உது செரியில்லை எண்டு அண்டைக்கு நித்திரையால எழும்பி வந்த உடனேயே கண்டிட்டன்."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்ல?"

அவர் பூவை விரலால் மெதுவாகத் தொட்டார்.

"எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். அம்மான்ர கொப்பு கறுத்துப்போச்சு. அப்பா கீழ வேலையில. அம்மா அழேல்ல, ஆனா ஒருத்தரோடையும் கதைக்கேல்ல. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டு வந்து பாத்தா, ஜாடிக்குள்ள வேற கொப்பு, மொட்டோட நிக்குது. எங்கட ஊரில கதவு பூட்டுறேல்ல. ஆரோ ஒரு மனிசி வந்து தன்ர வீட்டுக் கொப்பில பாதியை வச்சிட்டுப் போட்டா. அவவின்ர மனுசனும் கீழதான் வேலை."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"எல்லா மனிசிமாருக்கும் தெரியும். எல்லாருமே ஒருக்கா வச்சவையள், ஒருக்கா வாங்கினவையள். ஆம்பிளையளுக்கும் தெரியும். வேலையால வந்து பூவைக் கண்டா ஒண்டுதான் கேப்பினம்: 'இது ஆற்றை? ஆற்றை வீட்டுக் கொப்பு?' மனிசி சொல்லுவா, 'எங்கடை.' அதுக்கு மேல ஒருத்தரும் கேக்கிறேல்ல."

குசினியில் கேத்தில் கொதித்து நின்றது. நான் எழும்பவில்லை.

"பீற்றர் நினைக்கிறான் எனக்கு யோசெஃபைத் தூக்க ஏலாதெண்டு பயம் எண்டு. அதில்லை. இந்த வீட்டுக்குள்ள எனக்கு என்ன நடந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது, அதுதான் பயம். அண்டைக்கு ஜாடிக்குள்ள வேற குச்சி நிக்கக் கண்டன். உந்த வீதியோரத்தில நிக்கிற மரத்தில ஆரோ எனக்காக ஓடிப்போய் முறிச்சிருக்கினம். பின்னேரமே பீற்றருக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லிப்போட்டன், அப்பாவை வீட்டை கொண்டு வா எண்டு."

கைப்பிடிகள், தள்ளி வைத்த சோபா எல்லாம் அப்போதுதான் விளங்கியது.

"இவ்வளவு நாளும் எனக்குச் சொல்லியிருக்கலாமே, அன்ரி! நான் நித்திரை கொள்ளேல்ல."

"நீ ஒவ்வொரு நாளும் வந்து ஜாடியைப் பாத்து முழிக்கிறது எனக்கு நல்ல பொழுதுபோக்கா இருந்தது. ரீவியில ஒண்டும் நல்லதாப் போகேல்ல." சிரித்து முடித்த பிறகு, "அந்தத் தோட்டக்காரத் தம்பியையும் கூப்பிடு. கேக் வெட்டுவம்" என்றார்.

ரவி அண்ணையிடம் தொலைபேசியில் முழுக் கதையும் சொன்னேன். "அப்ப நாங்கள் செய்தது அவையின்ர சடங்கே! முந்தியே தெரிஞ்சிருந்தா நல்ல பெரிய கொப்பா முறிச்சிருப்பன்" என்றார்.

7. ஆற்றை?

யோசெஃப் வீட்டுக்கு வந்த நாளில் நான் ஷிஃப்டில் இருந்தேன். சோபா இருந்த இடத்தில் மருத்துவக் கட்டில். காலையும் மத்தியானமும் மாலையும் ஆட்கள் வருவதற்கு ஒழுங்கு செய்திருந்தார்கள். பீற்றர் தகப்பனின் சில்லுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசல் படியில் பதித்த சரிவுப் பலகையை ரவி அண்ணை காலால் மிதித்து மிதித்துச் சரிபார்த்தார்.

பூக்களில் பாதி அதற்குள் கொட்டிவிட்டன. மிச்சத்தோடு ஜாடி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. யோசெஃப் அதை வெகுநேரம் பார்த்தார். சுகமாக இருந்த கையை உயர்த்தி, கொப்பைக் காட்டி, ஸ்லோவாக்கில் ஏதோ கேட்டார். சிறிய கேள்விதான். அன்ரி என்னையும் ரவி அண்ணையையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒரே சொல்லில் பதில் சொன்னார். யோசெஃப் தலையை ஆட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை.

மொழிபெயர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. தேவைப்படவில்லை.

கொப்பு மாற்றிய விஷயத்தை எங்கள் கோர்டினேற்றரிடம் பிறகு சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவர் கேட்டுவிட்டு, அடுத்த வருடம் ஜாடியில் ஒரு லேபிள் ஒட்டச் சொன்னார். இந்தக் குளிர்காலத்தில் ஒட்டியிருக்கிறோம். "கொட்ட வேண்டாம்" என்று தமிழில். ரவி அண்ணைக்கு விளங்கினால் போதும் என்றார் அன்ரி.

பயிற்சிக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். தண்ணீரில் நிற்கிற குச்சியைக் கேட்காமல் எறியாதீர்கள். விதிகளைப் படியுங்கள், அவை எங்களுக்கும் காவல். ஆனால் ஒரு வீட்டுக்குள் போகும்போது அங்கே தனியாக இருக்கும் ஆளுக்கு எதில் பயம் என்று பாருங்கள். கெயார் பிளானில் எழுதியிருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை. நான் செய்தது சரியா என்று இன்றும் எனக்கு முழுதாகத் தெரியாது. இன்னொரு வீட்டில் அது பெரிய பிழையாகப் போயிருக்கலாம்.

யோசெஃப் வந்த அன்று பின்னேரம் ஆதிரையை எடுக்கப் போனேன். வெளியே மழை. அவள் சேற்றில் விளையாடியிருக்கிறாள். காலில் பச்சைக் கோடு போட்ட, காய்ந்த, இளஞ்சூடான காலுறை. யாரோ ஒருவர் அவள் காலைத் துடைத்து, வேறொரு பிள்ளையின் பையிலோ எங்கிருந்தோ எடுத்துப் போட்டுவிட்டிருக்கிறார்கள். நான் செய்தி எதுவும் எழுதவில்லை.

வீட்டில் அவளைத் தூக்கிக் கொஞ்சிய கணவர் காலைப் பார்த்தார்.

"இது ஆற்றை சொக்ஸ்?"

"எங்கடை" என்றேன்.